அச்சு அசல்

மாமியார் இரண்டு மருமகள்களுக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி வைரத்தோடு கொடுத்திருந்தார். ஆனாலும் சின்னவள் காதில் கிடந்ததுதான் கூடுதலாக ஜொலிப்பதாகப் பெரியவளுக்கு வயிற்றெரிச்சல். "செல்ல மருமகளுக்கு நல்லதா பாத்துக் குடுத்திருக்காங்க," என்று கணவனிடம் ஓயாமல் புலம்பினாள்.

இன்று அவள் முகத்தில் அப்படியொரு குளிர்ச்சி. "பளபளன்னு சுத்தம் பண்ணிக் குடுங்க," என்று நகைக்கடையில் தோட்டை நீட்டினாள்.

கடைக்காரர் அதை அல்ட்ராசோனிக் மெஷின் தண்ணீரில் போட்டார். மெஷின் ஒரு நிமிடம் ரீங்கரித்ததுமே கற்கள் கழன்று அடியில் கிடந்தன.

"அதிர்வுல பசை விட்டுப்போச்சும்மா. இது ஒட்டவச்ச கண்ணாடிக் கல்லு."

அவள் குனிந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"போன மாசம் ஒண்ணு கொண்டு வந்தீங்களே, அது சுத்தமான வைரம். இதே மெஷின்ல அசையவே இல்லையே. அது எங்கம்மா?"

அது சின்னவளின் பீரோவில் இருந்தது. நேற்று, சின்னவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, இவளேதான் மாற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.