வால் முளைத்த செல்கள்

சேதமில்லாத டி.என்.ஏ. நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரியும். உடைந்துபோனதற்கு வால் முளைத்திருக்கும். மின்புலத்தில் ஒரு நாள் வைத்த ரத்தச் செல்களுக்கு வால் இருந்தது. தமயந்தி எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒப்பிடுவதற்காக மின்புலம் படாமல் தனியே வைத்திருந்த செல்களுக்கும் வால் இருந்தது.

“ஸ்லைட மாத்தி வெச்சிட்டியாம்மா?” என்றார் ஆய்வு வழிகாட்டி அருளானந்தம் சார்.

“மூணு தடவ பாத்துட்டேன் சார்.”

“ரத்தம் யாரோடது?”

அவசரத்துக்கு அந்த ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுபோல் அவளும் தன் விரலைத்தான் குத்தியிருந்தாள்.

“என்னோடது.”

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அவள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. நேற்று அந்தி இருட்டில் அங்கே மகள் தூக்கிப் பிடித்த பழைய டியூப்லைட், எந்த இணைப்பும் இல்லாமல் அவள் கையிலேயே எரிந்தது.

“அம்மா, மேஜிக்!”

தமயந்தி கைதட்டியிருந்தாள்.