கீறல் இல்லாத தட்டு

அந்த ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கிடார்க்காரன் வாசிக்கவே கற்றுக்கொண்டான். வீட்டு இசைத்தட்டில் மூன்றாம் பாட்டு நடுவே ஒரு கீறல், ஊசி துள்ளும். அவன் விரலும் அங்கே துள்ளும். "உன் கிடாருக்கு விக்கலாடா?" என்று இசைக்குழுவே சிரிக்கும்.

இன்று பழைய தட்டுக் கடையில், அவன் பிறப்பதற்கு முன்பே வந்த அதே ஆல்பம் உறை பிரியாமல் கிடைத்தது. கடைக்காரர் போட்டுக் காட்டினார். துள்ளல் இல்லை. அந்த இடத்தில் வாத்தியங்கள் நின்று, "சுண்டு!" என்று ஒரு பெண்குரல் கூப்பிட்டது. அது அவன் செல்லப்பெயர். பழக்கதோஷத்தில் "இதோ வர்றேன்" என்றுவிட்டான்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

"நம்ம தட்டுல அந்தக் கீறல் எப்படிம்மா விழுந்துச்சு?"

"நீ கைக்குழந்தையா இருந்தப்போ நான்தான் ஆணியால கீறினேன்." அம்மா சட்டென்று கேட்டாள். "ஏன்டா, பதில் ஏதும் சொல்லிடலையே?"