அந்த ரூம் மேல மட்டும்

"அந்த ரூம் மேல மட்டும் அடிக்க வேண்டாம்ணா. மத்ததெல்லாம் நல்லா கெட்டியா அடிச்சிடுங்க."

மருமகள் விரல் நீட்டிய அறையை, வெக்கை இறங்காமலிருக்கக் கூரைக்கடியில் ஃபோம் நுரை அடிக்க வந்திருந்த ஃபோம்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே வயதான அம்மா ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து, இஸ்திரி போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கைத்தடி. சுவரில் ஏசி மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

ஏசியையும் கழற்றியாயிற்று, இந்த வயதிலும் வேலை வாங்கியாகிறது. ஃபோம்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, தகரக் கூரை. வெயில் நேரா இறங்கும். ஒரு ரூமை விட்டா அந்த ஒரு ரூம் அடுப்பாட்டம் கொதிக்குமே?"

"கொதிக்கட்டும்." மருமகளின் குரல் உயரவே இல்லை. "அதுல படுக்கிறவங்களுக்கு வெக்கைன்னா என்னன்னு தெரியணும்."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தாகத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தும், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

அவருடைய அம்மா கடைசிக் கோடையைக் கழித்தது அண்ணன் வீட்டில்தான். கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் அண்ணி கட்டிலைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வெளியூர் வேலையிலிருந்து அவர் ஓடி வந்தபோது, அந்தத் தகரம்கூட ஆறியிருந்தது. அண்ணியை அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத அந்த வார்த்தை எட்டு வருடமாக நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

"ஃபோம் அடிக்கும்போது வீட்ல ஒருத்தரும் இருக்கக் கூடாது. நெடி ஆகாது. நாளைக்கு மத்தியானம்தான் உள்ள வரணும்" என்று மாமியாரையும் மருமகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். முகமூடியை மாட்டிக்கொண்டு, குழாயைத் தோளில் சுற்றியபடி மச்சில் ஏறினார்.

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் முட்டிபோட்டுத்தான் நகர முடிந்தது. பாதுகாப்பு உடைக்குள் வேர்வை ஆறாக ஓடியது. கீழே எந்த அறை எங்கே முடிகிறது என்பதை உத்தரங்களை வைத்துக் கணக்குப் பண்ணிக்கொண்டார்.

வேண்டாம் என்ற அறைக்கு மேலேதான் முதலில் ஃபோம் பீய்ச்சும் துப்பாக்கியைத் திருப்பினார்.

திரவம் சீலிங்கின் முதுகில் விழுந்த மறுகணமே பொங்கி எழுந்து, மஞ்சளாக இறுகியது. காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு. ஒரு ஊசி முனை இடுக்குக்கூட விடவில்லை. இருபது வருட வேலையில் இத்தனை ஆசையாக அவர் எந்தக் கூரைக்கும் அடித்ததில்லை.

பிறகு எதிர் அறைக்கு நகர்ந்தார். மருமகளின் சேலை கொடியில் தொங்கியதை வரும்போதே பார்த்து வைத்திருந்தார். அதன் மேல் சும்மா பெயருக்கு ஒரு பூச்சு, அப்பளம் கனத்துக்கு.

"நீ வேகு தாயி" என்று முகமூடிக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். சொன்னது யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணியின் முகம்தான் கண்முன் நின்றது.

மிச்சமிருந்த இடங்களை முடித்து இறங்கியபோது டிரம் இரண்டும் காலி. வண்டியில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம், அந்த அம்மா கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்தாள்.

"முடிஞ்சுதா தம்பி? அந்த ரூம் மேல..."

ஃபோம்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "கவலையே படாதீங்கம்மா. அதுக்குத்தான் ரெண்டு மடங்கு அடிச்சிருக்கேன். உச்சி வெயில்லயும் போர்வை தேடுவீங்க."

அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"எதிர் ரூமுக்கு மட்டும் லேசாத் தடவி விட்டுட்டேன். உங்களை வேக வைக்கப் பாத்தாள்ல? அவளும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்!"

"தம்பி... போட்டதை எடுக்க முடியாதா?"

"எடுக்கிறதா? பேத்தா சீலிங்கே கையோட வந்துடும்மா. ஆயுசுக்கும் அசையாது." சொல்லும்போதே அவருக்கு மீசை துடித்தது.

அம்மா வாசல்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகள் பக்கத்து வீட்டிலிருந்து "அத்தை, என்னாச்சு?" என்று ஓடிவந்து, குனிந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அணைத்த விதத்தைப் பார்த்ததும் ஃபோம்காரரின் கையிலிருந்த குழாய் நழுவியது.

"நானும் இவளும் எதிர் ரூம்லதான் தம்பி படுக்கிறோம்" என்றாள் அம்மா. "போன கோடையில வெக்கை தாங்காம நான் மயங்கி விழுந்தேன். என்னைக் கொஞ்ச நேரம் ஏசியில படுக்க வைக்கணும்னு, இவ அந்த ரூம் கதவைக் கை வீங்குற மட்டும் தட்டினா. உள்ள இருந்தவன் திறக்கல. குளிர் வெளிய போயிடுமாம். இப்ப அவன் வெளியூர் போன நேரம் பாத்து, அந்த ஏசியை வித்துத்தான் உன்னைக் கூப்பிட்டோம்."

ஃபோம்காரர் அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்போ... அது உங்க ரூம் இல்லையா?"

"என் மகன் ரூம். அடிக்காம விடச் சொன்னதே நான்தான்."