மாமியார் வர்றதுக்குள்ள

“மச்சி, கம்ப்யூட்டர் மறுபடி நின்னுடுத்துடா!”

மயிலாப்பூரிலிருந்து போனில் சாய்சரண் பதறினான். சைதாப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் புகழேந்தி, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டான்.

“இன்னா பண்ணே?”

“பிராசசர் வேகத்தை ஏத்தினேன்.”

“வேகத்தை ஏத்துனியே, வோல்டேஜை ஏத்துனியா? சோறு போடாம மூட்டை தூக்கச் சொன்னா, குப்புற விழாம இன்னா செய்யும்? செட்டிங்ல போய் துளித்துளியா ஏத்து.”

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“ஏத்திட்டேன். ஓடறது! ஆனா சூடு தொண்ணூத்தஞ்சு டிகிரி காட்டறதே?”

“அடப்பாவி! துளின்னா அண்டாவா? எரிஞ்சிடும், இறக்கு!”

“கோச்சுக்காதடா. கல்யாணத்துக்கே வராத மாமியார் இன்னிக்கு சாயங்காலம் முதல் தடவையா எங்காத்துக்கு வரா. இது சரியா வரலேன்னா மஹதி அவ அம்மா முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பா.”

புகழேந்திக்கு மனசு இளகிவிட்டது. பாவம், கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டி மாமியாரைக் கரைக்கப் பார்க்கிறான் போல. அதற்குமேல் திட்டவில்லை. வோல்டேஜை இறக்கச் சொன்னான், திரும்ப ஆன் பண்ணச் சொன்னான், மறுபடி துளி ஏத்தச் சொன்னான். நாலைந்து தடவை மல்லுக்கட்டிய பிறகு, ஒருவழியாக நிற்காமல் ஓடியது.

“இப்ப எழுவத்தஞ்சுதான் மச்சி. சாயங்காலம் வரைக்கும் இதே சூட்டுல ஓடுமா?”

“ஓடும். நீ கையை வெச்சுக்கினு சும்மா கெட.”

சொல்லிவிட்டானே தவிர, புகழேந்திக்கு வேலை ஓடவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தான். தான் சொன்ன அளவால் கம்ப்யூட்டர் கருகி, கூடிவரும் குடும்பமும் கருகிவிட்டால்? பொழுது சாய்ந்ததும் அவனே கூப்பிட்டான்.

“இன்னாடா ஆச்சு?”

“ஜெயிச்சுட்டோம் மச்சி! அம்மாவும் பொண்ணும் கையைப் புடிச்சுண்டு பேசிண்டிருக்கா. அடுத்த வாரமும் வரேன்னுட்டா!”

புகழேந்தி அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தான். “வீடியோ அவ்ளோ சூப்பரா கீதா?”

“எந்த வீடியோ? விடாத மழைக் குளிர்ல அரைச்ச மாவு பொங்கவே இல்லடா. பாத்திரத்தைத் தூக்கி சூடான கம்ப்யூட்டர் மேல வெச்சேன், தளதளன்னு பொங்கிடுத்து. மாமியார் அஞ்சாவது இட்லி கேக்கறா, போனை வெச்சுடறேன்!”