உக்காந்துட்டான் பச்சமுத்து

“இன்னாய்யா, மறுபடியும் உக்காந்துட்டியா?”

ராஜகிரிக் கோட்டை மலைப்படியில் இளவழகன் மாஸ்டர் போட்ட அதட்டலில், மதில் மேலிருந்த குரங்குகூட ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் போய்விட்டது.

பச்சமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “மூச்சு வாங்குது சார். ரெண்டு நிமிசம்.”

“வாங்காம? ஊறுகா, அப்பளம், கருவாடுன்னு உப்பா அள்ளிப் போட்டுக்குனா பிரஷர் ஏறாம இன்னா பண்ணும்?”

இருபத்தெட்டு வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதிவிட்டு ரிட்டயர் ஆனவர். சும்மா இருப்பாரா? ‘இதயம் காப்போம்’ என்று வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை கோட்டை கேட் திறந்ததும் ஏழெட்டுப் பேரை மலையேற்றிவிடுவார். எண்ணெயை எப்படிக் குறைப்பது, எந்தச் செருப்பு போட்டால் படியில் வழுக்காது, இறங்கும்போது முட்டியை எப்படி மடக்குவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பாடம் உண்டு.

அன்று மூன்றாவது தடவையும் பச்சமுத்து உட்கார்ந்தபோது மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“உன் ஒருத்தனால எல்லாருக்கும் லேட்டாவுது. அடுத்த வாரத்துலேர்ந்து வராத. வூட்லயே உக்காந்துக்கோ.”

எல்லார் முன்னாடியும்தான் சொன்னார். பச்சமுத்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

“சரிங்க சார்.”

அடுத்த ஞாயிறு பச்சமுத்து வரவில்லை. குழு விறுவிறுவென்று ஏறியது. நிறுத்த ஆளில்லை.

பாதி மலைகூட வரவில்லை, மாஸ்டருக்கு நெஞ்சை யாரோ பிசைவது போல இருந்தது. இடது தோள் கனத்தது. இது புதுசு இல்லை. மூன்று மாதமாக இருக்கிறது. திண்டிவனத்து டாக்டர் உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, பீரோவில் வேட்டிக்கு அடியில் கிடக்கிறது. ஊர் இதயத்தையெல்லாம் காக்கக் கிளம்பியவர், தன் இதயம் சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்? மானம் போய்விடாதா?

கொஞ்சம் உட்காரலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போன வாரம்தானே ஒருத்தனை அதற்காகத் துரத்தினார்.

“ஐயோ, கால் வலிக்குது சார்” என்று குழுவில் வந்த மீனம்பாள் தடாலென்று படியில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் அவளைத் திட்டவில்லை. அவள் உட்கார்ந்த சாக்கில் அவரும் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. பின்னால் ஏறி வந்த குழுக்காரி ஷோபனா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அப்போதுதான் கீழே பார்த்தார். ஆடி மாதம், மலைமேல் அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற கேழ்வரகு மாவு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவன் ஏறி வந்தான். ஒரு படியில்கூட நிற்கவில்லை.

பச்சமுத்து.

பக்கத்தில் வந்ததும், “மெதுவா வாங்க சார், அவசரம் ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, மூட்டையோடு மேலே போய்விட்டான். அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

“இவன் இன்னா வேலை செய்யறான்?” என்றார் மாஸ்டர். இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

“மலைக்கு மூட்ட தூக்குறவரு சார். சில நாளு மூணு நடை போவாரு” என்றாள் ஷோபனா.

“அப்புறம் நம்மகூட வர்றப்ப மட்டும் எதுக்கு உக்காந்தான்?”

ஷோபனாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“உங்க மொகம் வெளுத்தா அவரு கண்ணுக்குத்தான் மொதல்ல தெரியும். ஆஸ்பத்திரில காட்டுங்க சார்னு ஒரு நாள் சொன்னாரு. பி.டி. மாஸ்டருக்கே பாடம் எடுக்கிறியான்னு கத்துனீங்க. அதுலேர்ந்து, உங்களுக்கு முடியலன்னு தெரிஞ்சா அவரு உக்காந்துக்குவாரு.”

மாஸ்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவன் திட்டு வாங்கிய ஒவ்வொரு ஞாயிறும் கண் முன்னால் வந்தது. கூசிப்போனார்.

“எறங்கலாம்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றார். எழுந்தவர் மீனம்பாளைப் பார்த்தார். “உனக்குக் கால் வலி எப்படி இருக்குது? எறங்கிடுவியா?”

மீனம்பாள் முந்தானையைச் சரிசெய்தபடி சொன்னாள்.

“எனக்கு ஏது சார் வலி? நான் இல்லாட்டி நீ உக்காந்துக்கம்மான்னு பச்சமுத்து நேத்தே வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு.”