ஓடும்போதே வாசிக்கலாம்

“முழுக்க வாசிக்க வேணுமோ அண்ணை?” என்று கேட்டாள் கம்சனா.

“நீங்கள் முழுக்க வாசிச்சால் எங்களுக்குச் சந்தோசம்,” என்றான் தபோதரன். கணினித் திரையில் வரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

போனமுறை வந்த சோதனை அதிகாரி ஒரே கேள்வியில் எல்லோரையும் மடக்கிவிட்டுப் போயிருந்தார். நோயாளிகளுக்கு மருந்தேற்றும் இந்த மெஷினின் இயங்குதளம் இருக்கிறதே, அதன் மையமான கேர்னலை என்னென்ன அமைப்புகளோடு கட்டினீர்கள்? கட்டியவர் வேலையை விட்டே போய்விட்டார், மற்றவர்களுக்குத் தெரியாது. இம்முறையும் அனுமதி கிடைக்காவிட்டால் ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் இருக்கும் இந்தக் கொம்பனியை இழுத்து மூடவேண்டியதுதான்.

அதனால்தான் தபோதரன் கேர்னலைப் புதிதாகக் கட்டி, அமைப்புகள் முழுவதையும் அதற்குள்ளேயே பொதிந்து வைத்திருந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்து வாசிக்கலாம். மெஷின் விஷயமாக ஆள் வந்திருப்பதாகச் சொல்லி முதலாளி கம்சனாவைக் கொண்டுவந்து விட்டபோது, புதிய சோதனை அதிகாரி தமிழ்ப்பிள்ளை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தெம்பும் வந்தது.

அவள் கன்னத்தில் கைவைத்தபடி ஒரு வரி விடாமல் வாசித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

“ஃபில்டர் போட்டிருக்கோ?”

“ஓம், இருக்கு!” நெட்வேர்க் ஃபில்டர் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினான்.

“கடைசியா எப்ப கிளீன் பண்ணினது?”

தபோதரன் பூரித்துப்போனான். கேள்வி என்றால் இதுவல்லவா கேள்வி! “ஒவ்வொருமுறையும் பழசையெல்லாம் கிளீன் பண்ணிப்போட்டுத்தான் திருப்பிக் கட்டுறனான்.”

“நல்ல பழக்கம். இப்ப ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை.”

கடைசி வரி முடிந்ததும், “எங்க கையெழுத்து வைக்கிறது?” என்று அவளே கேட்டாள். தபோதரன் தாளை நீட்டினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற முதலாளி ஷாம்பெயின் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

கம்சனா எழுந்து, கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெட்டியைக் கையில் எடுத்தாள்.

“எந்தக் கொம்பனிக்குப் போனாலும் வேலை தொடங்க முன்னம் பாதுகாப்பு விதி வாசிச்சுக் கையெழுத்து வைக்கச் சொல்லுவினம். ஆனா இவ்வளவு நீளமா எங்கயும் காணேல்லை. சரி அண்ணை, திருத்த வேண்டிய கோப்பி மெஷின் எங்க?”

வெளியே போத்தல் ‘டப்’பென்று திறந்தது. தபோதரன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அப்ப குசினிக்குள்ள கோப்பி மெஷினைக் கழட்டிக்கொண்டு நிக்கிற அந்த டை கட்டின மனுசன் ஆர்?”