மூடி விழுந்த நேரம்

சிக்கிக்கொண்ட துணியை இழுத்துப்போட அக்பர் சாய மிஷினுக்குள் இறங்கிய மறுநிமிடம், மேலே இரும்பு மூடி விழுந்து கொக்கி மாட்டிக்கொண்டது.

உள்ளே கும்மிருட்டு. நீலத் துணி தலையில் சொட்டியது. தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். பாய்லர் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

முதலாளி பொங்கியண்ணனுக்கு வெண்கலத் தொண்டை. அவர் குரல் மட்டும் பக்கத்திலேயே கேட்டது; உதவியாள் மணியனும் கத்தித்தான் பதில் சொன்னான்.

“மணியா, மிஷின் எதுக்கு நிக்குது? சாயங்காலம் லோடு போகோணும்.”

“தெரியலீங்க. நான் சுவிட்சைப் போட்டுறட்டுங்களா?”

சுவிட்சைப் போட்டால் கொதிநீர் கொட்டும், உருளை சுற்றும். அக்பர் கத்தப் பார்த்தான். சாய நெடியில் குரல் எழும்பவில்லை. இனி மனிதரால் ஆவதற்கில்லை. நெற்றியை இரும்பில் சாய்த்து, “யா அல்லா, நீதான்” என்று கண்ணை மூடினான்.

“போடு,” என்றார் பொங்கியண்ணன்.

“சரிங்க!” மணியனின் குரல் சுவிட்சுப் பக்கம் நகர்ந்தது.

“பொறு, பொறு,” என்றார் முதலாளி. “இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே. அக்பர் நிறுத்திப்போட்டுத் தொழுகைக்குப் போயிருப்பான். அவன் மிஷினை அவனே வந்து போடட்டும். நீ பாய்லரை அணைச்சுட்டுச் சோறுண்ணப் போ.”

லோடு அவசரம் என்று தொழுகைக்குப் போகாமல் வேலையில் நின்றுவிட்டவன் அக்பர்.

இரைச்சல் அடங்கியதும் மறுபடி தட்டினான். மணியன் ஓடிவந்து மூடியைத் தூக்கினான்.

“ஏனுங்க, நீங்க தொழுகைக்குப் போகலீங்களா?”

முகத்தில் வழிந்த நீலத்தைத் துடைத்துக்கொண்டு அக்பர் சொன்னான்: “இப்பத்தான் முடிச்சேன்.”